கீழிருந்து ஏறிய கறுப்பு

என்னிடம் வருபவரின் கண்ணுக்குள் பெரிய கோளாறு ஏதாவது தெரிந்தால், எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" கண்ணாடி வாங்க வந்த இடத்தில் இது என்ன விசாரணை என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஒருவர், "சம்பந்தம் பேசப் போறீங்களா மிஸ்?" என்று கேட்டே விட்டார். நான் பதில் வரும்வரை காத்திருப்பேன்.

மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, மிளகும் கராம்பும் வாங்கும் கடைகளுக்கு நடுவே என் கண்ணாடிக் கடை இருக்கிறது. முன்னால் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரி, திரைக்குப் பின்னால் பரிசோதனை அறை. நான் கண் வைத்தியர் இல்லை. பார்வையை அளந்து கண்ணாடி கொடுப்பவள். ஆனால் விளக்கடித்துக் கண்ணுக்குள் பார்க்கும்போது, எந்தக் கண்ணாடியாலும் தீராத விஷயங்களும் கண்ணில் படும். அவற்றை உரிய வைத்தியரிடம் அனுப்புவதும் என் பொறுப்பு. அனுப்புவது என்றால் ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பதுதான் என்று படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன்.

வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கண்புரைக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியே போதும். கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் கோளாறு என்றால் கண்டிக்குப் போக வேண்டும். இது வரை சுலபம். ஆனால் சீகிரியாவில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் கண்டி என்றால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். தம்புள்ளைப் பக்கம் என்றால் சவாரியோடு சவாரியாகப் போய் வந்துவிடுவார். அவரைக் கண்டிக்கு அனுப்பினால் தலையாட்டிவிட்டுப் போகாமலே இருப்பார். மேல்மலைத் தோட்டத்திலிருந்து வருகிற பெண்களில் பலருக்குச் சிங்களம் பேச வராது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் அனுப்பிய ஒருவர், காலையிலிருந்து பல் வைத்தியரின் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "கண் டொக்டர் வரலைங்க மிஸ்" என்றார். அன்றிலிருந்து, வைத்தியர் கெட்டிக்காரரா என்று பார்ப்பதோடு, அங்கே வாசலில் தமிழில் பேசுகிற ஒரு ஆள் இருக்கிறாரா என்றும் பார்க்க ஆரம்பித்தேன்.

தனியார் இடங்களும் உண்டு. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பையன் வருடக் கடைசியில் நாள்காட்டியோடு வருவான். "நீங்க அனுப்புற ஒவ்வொரு பேஷன்டுக்கும் நாங்க ஒரு மரியாதை செய்வோம் மிஸ்" என்பான். நாள்காட்டியை வாங்கி மாட்டிவிட்டு மரியாதையை வேண்டாம் என்று விடுவேன். அங்கேயும் சிலரை அனுப்பியிருக்கிறேன், வேறு எங்கேயும் அவ்வளவு சீக்கிரம் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்த நேரங்களில்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி இந்தக் கணக்குக்குள் வந்து சேர்ந்தது, இரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணால்.

அவர் கொழுந்து பறிப்பவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிறுமியாக இருந்தபோது விறகு உடைக்கப் போன இடத்தில் குச்சி தெறித்து வலது கண் போய்விட்டது. மிஞ்சிய இடது கண்ணுக்கோ கடுமையான கிட்டப்பார்வை. ஓரம் தடித்த கண்ணாடி இல்லாமல் அவரால் தன் கையில் இருக்கும் கொழுந்தையே சரியாகப் பார்க்க முடியாது. வருடக்கணக்காக அந்தக் கண்ணாடியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அந்த மாதிரிக் கண்களில் விழித்திரை மெலிந்து கிழியக்கூடும் என்பதால், ஒவ்வொரு தடவையும் ஒரே பாடத்தை ஒப்பிப்பேன். "உள்ளுக்கு மின்னல் வெட்டின மாதிரி இருந்தாலோ, கறுப்புப் புள்ளி கொட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ, அன்னைக்கே ஓடி வாங்க அக்கா." அவர் தலையாட்டுவார். கேட்டுக்கொண்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம், தெருவில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"மிஸ், நீங்க சொன்ன அந்தத் திரை விழுந்துருச்சு."

"எப்பலேர்ந்து?"

"முந்தாநேத்து மலையில நிக்கிறப்ப மின்னுச்சு. மழ மின்னல்னு நெனச்சேன். நேத்துலேர்ந்து கீழேயிருந்து கறுப்பா ஒன்னு ஏறிக்கிட்டே வருது. நடந்தா என் கால் எனக்குத் தெரியல."

உட்கார வைத்து எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னேன். எப்போதும் வாசிக்கும் கடைசி வரியைத் தடுமாறாமல் வாசித்தார். அது நல்ல செய்தி. விளக்கை எடுத்து உள்ளே பார்த்தேன். மேல் பகுதியில், செம்மஞ்சள் நிறத்தில் இழுத்து ஒட்டினாற்போல் இருக்க வேண்டிய விழித்திரை சாம்பல் நிறமாக மடிந்து, கண் அசையும்போதெல்லாம் அலையாடியது. உச்சியில் லாட வடிவத்தில் ஒரு கிழிசல். கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால் மேலே கழன்றது அவருக்குக் கீழே இருட்டாகத் தெரிந்திருக்கிறது. முகங்களையும் எழுத்துகளையும் பார்க்க உதவும் நடுப்புள்ளி இன்னும் ஒட்டித்தான் இருந்தது. அதற்கு மேலே, கொஞ்சம் தள்ளி, அந்தச் சாம்பல் அலை நின்றது.

ஊர் ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான். ஆனால் இந்த அறுவைச் சிகிச்சை அங்கே கிடையாது. அங்கே பதிந்து, பார்த்து, அவர்கள் மறுபடி கண்டிக்கு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் அந்தச் சுற்றுக்கு நேரமில்லை. கண்டியில் விழித்திரை பார்க்கும் டொக்டர் ஒருவரின் எண் என்னிடம் இருந்தது. சிங்களப் பெண். நேரம் கெட்ட நேரத்திலும் போனை எடுப்பார். எடுத்தார்.

"நடுப்பகுதி ஒட்டியிருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது. மற்றக் கண் இல்லை."

"இன்றைக்கே அனுப்புங்கள். வார்டில் சொல்லி வைக்கிறேன். வழியெல்லாம் படுத்தபடி வரட்டும்."

இவ்வளவு சுலபமாக ஓர் இடம் கிடைத்ததில் எனக்குப் பெரிய ஆறுதல். திரும்பி வந்து அக்காவின் முன்னால் உட்கார்ந்தேன்.

"இப்பவே கண்டிக்குப் போகணும் அக்கா. வார்டுல நிப்பாட்டி ஒப்பரேஷன் செய்வாங்க."

"இன்னைக்கா?"

"இன்னைக்கே. இங்கேருந்தே."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவர யாரு மிஸ் திருப்பிப் போடுறது?"

அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. கணவர் பாரிசவாதத்தில் விழுந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஒரு பக்கம் முழுவதும் செத்துவிட்டது. படுத்த படுக்கை. கஞ்சியைக்கூட மெதுவாக, தலையை உயர்த்திப் பிடித்து ஊட்ட வேண்டும். பேச்சு குழறல். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வேறு யாருக்கும் அது விளங்காது. ஒரே மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். இத்தனை வருடங்களில் அக்காவின் கண்ணின் ஒவ்வொரு நரம்பும் எனக்குப் பழக்கமாகியிருந்தது. அவருடைய வீட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"பக்கத்து வீட்டுக்குச் சொல்லலையா?"

"கண்ணாடி பாத்துட்டுப் பொழுதோட வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். காலையில வச்ச கஞ்சிதான் அவருக்கு. ராவைக்குத் திருப்பிப் போடாட்டி சளி ஏறி மூச்சு அடச்சிரும் மிஸ்."

பக்கத்து வீட்டு எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். மணி போய்ப் போய் நின்றது. அந்த லயத்தில் வாசலுக்கு வந்து நின்றால்தான் டவர் கிடைக்குமாம். மகனுக்கு அடித்தேன். "அம்மாவை இப்பவே அனுப்புங்க மிஸ், நான் கெளம்பி வாரேன்" என்றான். கிளம்பினாலும் மறுநாள்தான் தோட்டத்துக்குப் போய்ச் சேர முடியும். எங்கள் வேன் இருந்திருந்தால் தோட்டத்துக்குப் போய் ஏற்பாடு செய்துவிட்டு அப்படியே கண்டிக்குக் கொண்டு போயிருக்கலாம். என் கணவர் அதில் மிளகு மூட்டைகளோடு தம்புள்ளைக்குப் போயிருந்தார், வர இருட்டிவிடும்.

எவ்வளவோ சொன்னேன். கண்ணை வைத்துப் பயங்காட்டினேன். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "நீங்க சொல்றது வெளங்குது மிஸ்" என்றார். "ஆனா ஒரு ராத்திரிக்கு அவர விட்டுட்டு எனக்குப் போகேலாது."

கடைசியில் இப்படி முடிவானது. அவர் பஸ்ஸில் போய்க் கணவரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைப்பது. விடிந்ததும் நாங்கள் வேனில் போய்க் கூட்டி வந்து நேரே கண்டிக்குக் கொண்டு போவது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, போனதும் மல்லாந்து படுக்க வேண்டும் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓர இருக்கையில் தலையைப் பின்னால் சாய்த்தபடி உட்கார்ந்தார், நான் சொன்ன மாதிரியே.

அன்றிரவு விடாமல் மழை பெய்தது.

விடியற்காலையில் நானும் கணவரும் போனோம். இரத்தோட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறியதும் பொலிஸ் நிறுத்திவிட்டது. அதற்கு மேலே பாதை இல்லை. மலைச் சரிவு ஒன்று அப்படியே இறங்கிப் பாதையை மூடியிருந்தது. தேயிலைச் செடிகள் வேரோடு வந்து, சேற்றின் மேல் நிமிர்ந்து நின்றன. நேற்றுவரை அங்கேதான் வளர்ந்த மாதிரி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இருந்து கற்கள் உருண்டன.

என் போன் அடித்தது. அக்கா.

"மிஸ், நான் உடுப்புப் பையோட வந்துட்டேன். இந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடையில நிக்கிறேன். ரோட்டு இல்ல."

"நிக்காதீங்க அக்கா. அந்தக் கடை பெஞ்சுல படுங்க. அவங்ககிட்ட நான் பேசுறேன்."

கடைக்காரருடன் பேசினேன். நல்ல மனிதர். பெஞ்சைக் காலியாக்கி, சாக்கை மடித்துத் தலைக்கு வைத்தார். கண்டி டொக்டரைக் கூப்பிட்டேன். நடுப்புள்ளி இன்னும் ஒட்டியிருக்கிறதா என்றுதான் அவர் மறுபடி கேட்டார். போனில் எப்படிச் சொல்வது? அந்தக் கடைச் சுவரில் தினக்கலண்டர் தொங்குகிறது என்று கடைக்காரர் சொன்னார். அதைக் கிட்டக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன்.

"பெரிய எண் தெரியுதா அக்கா?"

"தெரியுது."

"அதுக்குக் கீழ சின்ன எழுத்து?"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ராகு காலம், எமகண்டம், அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த நேரங்கள். எனக்கு உயிர் வந்தது. இன்னும் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த எல்லா இடங்களையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஊர் ஆஸ்பத்திரி, கண்டி, அந்தக் கழுத்துப்பட்டிப் பையனின் இடம், தேவைப்பட்டால் கொழும்பு. எல்லாமே மண் சரிந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இருந்தன. என் கணவருக்கு வேறு யோசனை வந்தது. "ரிவர்ஸ்டன் தாண்டி அந்தப் பக்கமா லக்கலைக்கு இறக்கி, மகியங்கனைப் பாதையால கண்டிக்குச் சுத்தி எடுக்கேலும். அங்க மிளகு வாங்குற ஆள் ஒருத்தர் இருக்காரு, கேட்டுப் பாக்குறேன்" என்றார். கேட்டார். அந்தப் பக்கமும் மரங்கள் விழுந்து கிடந்தன, பாலத்தின் மேலால் தண்ணீர் ஓடியது.

மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்து வேலை தொடங்கியது. ஒரு பக்கத்தை அள்ளும்போது மறுபக்கம் சரிந்தது. பின்னேரம் மழை மறுபடி கனத்ததும் எல்லோரையும் கீழே போகச் சொல்லிவிட்டார்கள். அக்காவும் லயத்துக்குத் திரும்பிவிட்டார். பொழுது சாயும் நேரம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து கூப்பிட்டார். அக்கா வீட்டிலும் ஒரு தினக்கலண்டர் இருந்தது.

"பெரிய எண் தெரியுது மிஸ். சின்னதெல்லாம் தண்ணியில நனைஞ்ச மாதிரி இருக்கு. கோடு கோணலாப் போகுது."

கோடு கோணலாகிறது என்றால், கிழிசல் வழியாக விழித்திரைக்கு அடியில் புகுந்த நீர் நடுப்புள்ளியைத் தொட்டுவிட்டது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. "அசையாமப் படுங்க அக்கா" என்றேன்.

"அவருக்குப் பக்கத்துலதான் படுத்திருக்கேன். ரெண்டு பேரும் கூரையத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டது. காலையில் போன் வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கலண்டர் எங்க இருக்குன்னு தெரியல. சொவரு வெள்ளையா இருக்கு. அவ்வளவுதான்."

டொக்டரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் நம்பிக்கை விடத் தேவையில்லை. இந்த நிலையிலும் ஒரு பங்கை மீட்கலாம். எப்படியாவது கொண்டு வாருங்கள்" என்றார்.

லயத்து ஆண்கள்தான் வழி செய்தார்கள். தோட்டத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்குவது அவர்களுக்குப் புதிதில்லை. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே உரச் சாக்குகளைக் கட்டி, அதில் அக்காவை மல்லாக்கப் படுக்க வைத்துச் சேற்றுக்குள் இறங்கினார்கள். இந்தப் பக்கம் நின்ற பொலிஸ்காரர் கத்திப் பார்த்தார். பிறகு அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடிக்கப் போனார். நான் வேனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர்கள் ஒரு அடி வைப்பதும், நிற்பதும், மேலே பார்ப்பதுமாக வந்தார்கள். முன்னால் வந்தவர் ஓரிடத்தில் தொடை வரை புதைந்துபோனார். மூங்கிலை மட்டும் தோளை விட்டு இறக்கவில்லை. அக்காவின் முகத்தில் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள், வெளிச்சம் படக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

வேனில் ஏற்றியதும் துணியை எடுத்தேன். "நான்தான் அக்கா."

"கொரல் தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க லயத்துக் கங்காணி வீட்டம்மா அவரப் பாத்துக்கிறேன்னாங்க. அவரு சொல்றது அவங்களுக்கு வெளங்காது. தண்ணி கேட்டாலும் தெரியாது" என்றார்.

டொக்டர் சொன்னபடி வார்டில் படுக்கை தயாராக இருந்தது. அடுத்த நாள் காலையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கழன்ற திரையை ஒட்டவைக்க உள்ளே எண்ணெய் போன்ற ஒன்றை நிரப்பினார்கள். அதற்குப் பிறகு பல நாட்கள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். நான் பார்க்கப் போனபோது அக்கா முகத்தைக் கீழே தொங்கவிட்டபடி படுத்திருந்தார். பேசுவதற்கு நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அந்த உயரத்தில்தான் எங்கள் முகங்கள் சந்தித்தன.

"மிஸ், பச்சையா ஏதோ போட்டிருக்கீங்க."

பச்சை சால்வைதான். நான் அதன் நுனியை அவர் முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனேன். ஓரத்தில் இருந்த பூ வேலையை விரலால் தொட்டு, "இது வெள்ளை" என்றார். சரியாகச் சொன்னார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, எனக்கு முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் அந்தக் கதை முழுவதையும் சொன்னேன்.

அவர் வீட்டுக்குப் போனார். பாரம் தூக்கக் கூடாது என்று வார்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். பாதை திறந்த பிறகே தோட்டத்துக்கு வந்து சேர முடிந்த மகன், லீவு முடியும்வரை அப்பாவைத் திருப்பிப் போட்டான். பிறகு அவன் கொழும்புக்குப் போயாக வேண்டும், அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கங்காணி வீட்டம்மாவுக்கும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற வேலை இருந்தது. அதற்குப் பிறகு அவரை யார் தூக்கியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

சில வாரங்களில் மறுபடி இருண்டது. இரண்டாவது தடவையும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். உள்ளே தழும்பு உண்டாகித் திரையைச் சுருக்கி இழுக்கிறது, இனி ஒட்டாது என்றார்.

"அந்த வெள்ளிக்கிழமையே வந்திருந்தால்?" என்று கேட்டேன்.

அவர் மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "நிச்சயமாக அதிக வாய்ப்பு இருந்திருக்கும். ஆனால் சிலருக்கு அன்றைக்கே செய்தாலும் தழும்பு வரும். இவர் அந்தச் சிலரில் ஒருவரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது." அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் இன்றுவரை தெரியாது.

ஒரு சனிக்கிழமை மகன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டி வந்தான். அக்கா பழைய தடித்த கண்ணாடியைப் போட்டிருந்தார்.

"இதுக்குக் கொஞ்சம் பவர் கூடுன கண்ணாடி போடேலுமா மிஸ்?"

அறைக்குள் கூட்டிப் போனேன். விளக்கைப் போட்டு அணைத்தேன். எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதை மட்டும் சரியாகச் சொன்னார். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று கேட்டால் தப்பாகச் சொன்னார். நான் லென்சுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"கண்ணாடியால ஒன்னும் செய்யேலாது அக்கா."

அவர் தலையாட்டினார். மகன் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். திரையை விலக்கி உள்ளே வந்தான். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரித்தானாம், கடிதம் கொண்டுவந்தால் முயற்சி செய்து பார்க்கலாம் என்றார்களாம். "நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுங்க மிஸ். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அவன் எதையெல்லாம் விற்று, யாரிடமெல்லாம் கேட்டு அதைச் செய்வான் என்று எனக்குத் தெரியும். அவனை உட்கார வைத்துவிட்டுக் கண்டி டொக்டரை அழைத்தேன். மூன்றாவது முறை திறந்தால் இருக்கிற வெளிச்சமும் போகும், வலிதான் மிஞ்சும் என்றார். முன்பின் அவரைத் தெரியாத, கொழும்பில் இருக்கும் இன்னொரு வைத்தியரிடமும் அக்காவின் கண் படங்களை அனுப்பிக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

அனுப்புவதற்கு இடம் தேடித்தான் எனக்குப் பழக்கம். அனுப்ப மாட்டேன் என்று ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"எழுத மாட்டேன் தம்பி. இனி எங்க போனாலும் பிரயோசனம் இல்ல."

அவன் முகம் சிவந்தது. "அன்னைக்கே நீங்க அம்மாவப் புடிச்சு கண்டிக்கு அனுப்பியிருந்தா இந்த நெலம வந்திருக்குமா?"

அக்கா நாற்காலியில் இருந்தபடியே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார். "மிஸ் அனுப்புனாங்க. நான்தான் போகல. ஒங்கப்பாவ விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

அவன் அம்மாவின் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

பார்வை போனவர்களுக்கு நடக்கவும் சமைக்கவும் பழக்குகிற இடம் இருக்கிறது. விசாரித்தேன். தூரத்தில், மாதக்கணக்கில் தங்கிப் படிக்க வேண்டும், சிங்களத்தில். அக்காவிடம் சொன்னபோது முடிக்கவே விடவில்லை. "அவர என்ன செய்யுறது மிஸ்?" பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பகுதிக்கு எழுதினேன். கொஞ்ச நாளில் ஒரு வெள்ளைக் கைத்தடி வந்தது. எப்படிப் பிடிப்பது என்று காட்டித் தர யாரும் அதோடு வரவில்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் தோட்டத்துக்குப் போனோம். கைத்தடி சுவரில் ஆணியில் தொங்கியது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குழாய் லயத்துக் கோடியில் இருக்கிறது, கக்கூஸ் அதற்கும் அப்பால் சரிவில். இரண்டுக்கும் போக ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார்.

என் கணவர் வேனில் மூட்டை கட்ட வைத்திருந்த நைலோன் கயிற்றைக் கொண்டுவந்தார். கதவு நிலையிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து கக்கூசுக்குமாக, நடுநடுவே கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினோம். படி இறங்குகிற இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடச் சொன்னார் அக்கா. முடிச்சு கையில் பட்டதும் காலைக் கீழே வைக்கலாமே என்றார். போட்டோம். அவர் எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாய்வரை போனார். வாளியைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி வைத்தார். அங்கிருந்து கக்கூசுவரை போய்த் திரும்பி வந்தார். லயத்து ஆட்கள் எல்லோரும் வாசல்களில் நின்று பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து ஒரு குழறல் கேட்டது. "வாரேன், வாரேன்" என்று அக்கா கயிற்றை விட்டுவிட்டு, சுவரைத் தடவாமலே உள்ளே போனார். வீட்டுக்குள் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. நான் பின்னால் போனேன். கட்டிலில் கிடந்தவர் ஒல்லியாக, சவரம் செய்த முகத்தோடு, சுத்தமாக இருந்தார். அக்கா இடது கைப் பெருவிரலை அவருடைய உதட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டு, வலது கையால் கஞ்சியை ஊட்டினார். கரண்டி ஒரு தடவையும் தவறவில்லை. அவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு விழுங்கினார். பாதியில் நிறுத்தி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு அக்கா?"

"வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தலியான்னு கேக்குறாரு."

பக்கத்து வீட்டுப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்துவிட்டு, மேலேயிருந்து மூடுபனி இறங்குவதற்குள் கிளம்பினோம். சரிந்த இடத்தில் பாதையை அகலப்படுத்திக் கல் அடுக்கியிருந்தார்கள். அதைக் கடக்கும்போது என் கணவர் வேகத்தைக் குறைத்தார்.

அடுத்த மழைக்குப் பிறகு கயிறு தளர்ந்துவிட்டது என்று அக்கா போனில் கூப்பிட்டுச் சொன்னார். கணவர் இரத்தோட்டைப் பக்கம் கராம்பு எடுக்கப் போன நாளில் மேலே ஏறி, இரண்டு புதிய கம்புகளை நட்டு இழுத்துக் கட்டிவிட்டு வந்தார்.